கார்ல் மலோனுக்கு எத்தனையாவது இடம்?

கே: வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்த்துப் பழகிய என் மாமா, ஆட்டக்காரர் கார்ல் மலோனை எல்லாக் காலத்துக்குமான முதல் பத்துப் பேரில் வைக்கிறார். ஒரு கோப்பைகூட வாங்காதவருக்கு முதல் இருபத்தைந்திலேயே இடமில்லை என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள்.
– கீழக்கரை வாசகர்

ப: மாமா மலோனை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார். நீங்கள் சொல்லும் இடம் ஏறக்குறைய சரி, காரணம்தான் தப்பு.

மாமாவின் கையில் பலமான சீட்டுகள் இருக்கின்றன. 36,928 புள்ளிகள். எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) இரண்டு முறை, 1997-லும் 1999-லும். 1989 முதல் 1999 வரை 11 ஆண்டுகள் விடாமல் ஆல்-என்பிஏ முதல் அணி, அதாவது சீசனின் சிறந்த ஐவரில் ஒருவர். யூட்டா ஜாஸில் ஆடிய 18 சீசன்களில் அவர் இறங்காத ஆட்டங்கள் மொத்தமே 10. இந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். நல்ல நாளில், அதே இடத்தில் ஆடிய சார்லஸ் பார்க்லி மலோனைவிடக் கூர்மையான ஆட்டக்காரர்தான். ஆனால் சீசன் முழுக்கக் களத்தில் நிற்பவரை நம்பித்தான் பயிற்சியாளர் திட்டம் போட முடியும்.

சக வீரர் ஜான் ஸ்டாக்டன் பாஸ் கொடுத்ததால் வந்த புள்ளிகள் என்று சிலர் சொல்வது அரை உண்மை. 1997-98 சீசனின் முதல் 18 ஆட்டங்களில் முழங்கால் காயத்தால் ஸ்டாக்டன் இல்லை. ஜாஸ் அவற்றில் 11 வென்றது. தடுப்பாட்டத்திலும் மலோன் சளைத்தவர் அல்ல. எதிராளி பந்தை இடுப்பிலிருந்து மேலே தூக்கும் நொடியில் கீழிருந்து தட்டிவிடுவார். முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறவன் முழு எடையையும் சாய்த்ததும் சட்டென்று விலகி அவனைத் தடுமாற வைப்பார். 2,085 ஸ்டீல் (எதிராளியிடம் பந்தைப் பறித்தது) அந்த உடம்புக்கு அதிசயம். பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுத்தது) மட்டும் குறைவு. ரிங்கைக் காவல் காக்க வேறொரு சென்டர் தேவைப்பட்டது.

இனி பலவீனம். ‘மோதிரம் இல்லை’ (சாம்பியன் பட்டம் இல்லை) என்பது சோம்பேறி வாதம். 1997, 1998 இரண்டு இறுதிச் சுற்றிலும் எதிரே நின்றது ஜோர்டனின் சிகாகோ. பார்க்க வேண்டியது வேறு: வழக்கமான சீசனில் 51.6 சதவீதம் இருந்த அவரது ஷூட்டிங், சீசனுக்குப் பின் வரும் பிளேஆஃப் சுற்றுகளில் 46.3-க்கு இறங்கியது. டிம் டங்கனுக்கு இதே கணக்கு 50.6, 50.1, அசையவே இல்லை. மலோனின் எளிதான புள்ளிகள் வேகமாக ஓடி முடிப்பதிலும், ஸ்க்ரீன் போட்டு (சக வீரருக்காக எதிராளியை உடம்பால் மறித்து) சட்டென்று திரும்பி உள்ளே போவதிலும் வந்தவை. ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை மோதும்போது ஓட்டம் குறையும், பாஸ் வழிகள் அடைபடும். மிஞ்சுவது கூடையைப் பார்த்து நின்று போடும் 15-17 அடி ஷாட். அதில் அவர் நல்லவர், ஆனால் டிர்க் நோவிட்ஸ்கி அல்ல. நோவிட்ஸ்கியின் சராசரி பிளேஆஃபில் 20.7-லிருந்து 25.3-க்கு ஏறியது.

கடைசி நிமிடங்களும் அவருக்கு எதிராகவே பேசுகின்றன. 1997 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 82-82 சமநிலை, 9.2 நொடி பாக்கி, ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். 1998 ஆறாவது ஆட்டத்தில் 31 புள்ளி எடுத்தும், போஸ்டில் (கூடைக்கு அருகில்) பின்பக்கமாக வந்த ஜோர்டனிடம் பந்தைப் பறிகொடுத்ததுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அதுமட்டும் கொஞ்சம் அநியாயம்.

ஓய்வு பெற்றவர்களை மட்டும் எடுத்தால் பவர் ஃபார்வர்டுகளில் (மலோன் ஆடிய இடம் அது) டங்கன் தனி. பிறகு கார்னெட், நோவிட்ஸ்கி, நான்காவதாக மலோன். மொத்தப் பட்டியலில் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில்.

கே: எங்கள் பள்ளி அணியில் ஒரு பையன் நல்ல உயரம், நல்ல பலம். மலோன் மாதிரி ஆட வைக்கலாமா? எங்களுக்கு இருப்பது கடலோரத் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்.
– மண்டபம் பயிற்சியாளர்

ப: ஸ்க்ரீனை எடுத்துக்கொள்ளுங்கள், தனியாளாகப் போஸ்டில் நின்று ஆடுவதை விட்டுவிடுங்கள். 2001 வரை என்பிஏவில் ஜோன் தடுப்புக்கு (ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறைக்கு) தடை இருந்தது. மலோனுக்கு ஒரு பக்கத்தையே காலி செய்து கொடுக்க முடிந்தது. உங்கள் பையன் பந்தைப் பிடித்ததும் மூன்று பேர் சூழ்வார்கள்.

ஸ்க்ரீனுக்குக் கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்து, கைகள் நெஞ்சோடு. பந்தோடு வரும் நம் கார்டின் தோள் இவன் இடுப்பை உரசிப் போக வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் எதிராளி அதில் நுழைந்துவிடுவான். உடம்பில் இடி விழுந்த பிறகே திரும்ப வேண்டும். முந்தினால் ஸ்க்ரீன் வீண், நகர்ந்தபடி இடித்தால் ஃபவுல். திரும்பும்போது பந்து கண்ணில் இருக்க, எதிராளி முதுகுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பந்துக்கு முதுகு காட்டித் திரும்பி, பாஸைத் தலையில் வாங்குவார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூர ஷாட் பயிற்சி வேண்டாம்; பையன் காற்றுக்கு ஏற்ற கோணத்தைப் பழகிக்கொண்டு உள்ளரங்கில் தவறவிடுவான். 45 டிகிரியில் நின்று போர்டின் சிறு கட்டத்து மேல் மூலையில் அடிக்கும் பேங்க் ஷாட் பழக்குங்கள். மணலைப் பெருக்காமல் பிவட் (ஒரு காலை ஊன்றிச் சுழலும்) பயிற்சி வைத்தால் கணுக்கால் போய்விடும். உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்தால் ரிங் முன்பக்கம் தொங்கும். முன்னும் பின்னும் 3.05 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

கே: ஃப்ரீ த்ரோவுக்கு முன் மலோன் ஏதோ முணுமுணுப்பாரே, அதனால் பலன் உண்டா?
– தொண்டி வாசகர்

ப: முதல் சீசனில் 48.1 சதவீதம், நான்காவது சீசனில் 76.6. பயிற்சிதான் காரணம், மாறாத ஒரு சடங்கு மனதை நிறுத்த உதவியிருக்கலாம். 9,787 ஃப்ரீ த்ரோ போட்டவர், அது இன்றும் சாதனை. ஆனால் நீங்கள் அதை அப்படியே காப்பியடிக்காதீர்கள். என்பிஏவில் 10 நொடி உண்டு. ஃபீபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் நடக்கும் நம்மூர்ப் போட்டிகளில் 5 நொடிதான். மூச்சு ஒன்று, பந்தை இரண்டு தட்டு, ஷாட்.