மஞ்சு மூடிருச்சா? அப்பதான் போனை வெளிய எடுங்க!

கேள்வி: அக்கா, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து பதினாலு பேர் வேன் புடிச்சு கொடைக்கானல் போறோம். போன தடவை பில்லர் ராக்ஸ்ல ஒரே மஞ்சு, பாறையே தெரியல. மத்த போட்டோ எல்லாம் ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி வரிசையா நிக்கிறோம், அதுலயும் ஓரத்துல நின்ன என் மூஞ்சி மட்டும் அகலமா இழுத்துருக்கு. போன்லயே வித்தியாசமா எடுக்க வழி சொல்லுங்க.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மூஞ்சி நல்லாதான் இருக்கும்மா, எடுத்தவர் கேமரா ஜூமை 0.5-ல வச்சு எடுத்துருப்பாரு. அந்த வைடு லென்ஸ் ஓரத்துல நிக்கிறவங்கள இழுத்துதான் காட்டும். 1 வச்சுட்டு அவரை நாலு எட்டு பின்னால போகச் சொல்லுங்க.

மஞ்சுக்கு ஏன் வருத்தம்? 400 அடி பாறை போஸ்ட் கார்டுலயே கிடைக்கும். மஞ்சு மூடிட்டா பின்னாடி நிக்கிற வேற குடும்பம், குப்பைத்தொட்டி எல்லாம் மறைஞ்சு, வெள்ளைத்துணி கட்டுன ஸ்டூடியோ மாதிரி ஆயிரும். வரிசை கட்டாம ஒருத்தர் கிட்டக்க, அடுத்தவர் ரெண்டு எட்டு தள்ளி, இன்னொருத்தர் அதுக்கும் பின்னாடின்னு நில்லுங்க, போகப்போக ஆள் மங்கிட்டே போறது அவ்ளோ அழகா இருக்கும். ஆனா போன் வெள்ளை மஞ்சைப் பாத்து ஏமாந்து படத்தை சாம்பலாக்கிரும், அதனால ஸ்க்ரீன்ல மூஞ்சிய தொட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறிய லேசா மேல தள்ளுங்க. லென்ஸ்ல ஈரம் படியும், காட்டன் துணியால அப்பப்ப துடைங்க (பாலியஸ்டர் துப்பட்டா வேணாம், இழுவிரும்).

1872-ல போட்ட மலையோர நடைபாதை கோக்கர்ஸ் வாக்ல அதிர்ஷ்டம் இருந்தா இன்னொண்ணு கிடைக்கும். வெயில் முதுகுல அடிக்கணும், எதிர்ல பள்ளத்துல மஞ்சு நிக்கணும், அப்ப உங்க நிழல் மஞ்சு மேல விழுந்து தலையைச் சுத்தி வானவில் வட்டம் தெரியும். ப்ராக்கன் ஸ்பெக்டர்னு பேரு. எல்லாரும் கையத் தூக்கி நில்லுங்க. ஆனா படத்துல அந்த வட்டம் போன் வச்சிருக்கவர் நிழலுக்கு மட்டும்தான் வரும், அதனால யார் எடுக்கிறதுன்னு சண்டை போடாம ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க.

பைன் காட்டுல போனை செல்ஃபி கேமரா மேல பாக்குற மாதிரி தரையில வச்சு, 10 செகண்ட் டைமர் போட்டு, சுத்தி நின்னு குனிங்க. தலைக்கு மேல மரமெல்லாம் வானத்துல போய் சேரும். ஓடிவந்து நிக்காதீங்க, பைன் சருகு வழுக்கும்.

ஏரிக்கரையில பனோரமா, அதாவது போனை இடமிருந்து வலமா திருப்பிக்கிட்டே எடுக்கிற நீள படம். இடது ஓரத்துல நிக்கிற தம்பியைப் போன் தாண்டுனதும், அவன் எடுக்கிறவர் முதுகுக்குப் பின்னால ஓடி வலது ஓரத்துல நிக்கணும். ஒரே படத்துல ரெண்டு தம்பி! மெதுவா திருப்புங்க, இல்லன்னா அவன் பாதி ஓட்டத்துல மாட்டிக்குவான்.