பி.பி.ஏ. இல்லாத கல்லூரியில் எதைப் படிப்பது?

கேள்வி: நிர்வாகத் துறைக்குச் செல்ல விரும்பும் என் மகளுக்கு இடம் கிடைத்துள்ள கல்லூரியில் பி.பி.ஏ.வும் இல்லை, பி.காமும் இல்லை. எந்தப் பாடத்தை எடுக்கலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எம்.பி.ஏ. சேர எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும், ஐ.ஐ.எம். எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வும் பொதுப் பிரிவினரிடம் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணைக் கேட்கிறதே தவிர, பாடத்தின் பெயரைக் கேட்பதில்லை. அத்தேர்வின் கணக்குப் பகுதியில் பலரும் தடுமாறுவதால், தங்கள் மகளுக்குக் கணக்கில் பயமில்லையென்றால் கணிதம், இல்லையேல் பொருளியல் என்பேன். பி.காம்., பி.பி.ஏ. படிக்காததால் விடுபடுவது கணக்குப்பதிவியல்தான்: துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் தெரிந்த வியாபாரி ஒருவரின் பற்று வரவை விடுமுறையில் டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருளில் பதிந்து பார்த்தால், ஐஸ், டீசல், வரவேண்டிய பாக்கி ஆகியவை எந்தத் தலைப்பில் ஏறும் என்பது கைவந்துவிடும். வேதியியலையும் ஒதுக்க வேண்டாம். சிப்காட் இரசாயன ஆலைகளின் விற்பனைப் பிரிவில், விற்கும் பொருளை அறிந்தவருக்குத் தனி மதிப்புண்டு.