பிர்கிட் நில்சன்: கேள்வி பதில்

கே: ஸ்வீடனின் ஓபரா பாடகி பிர்கிட் நில்சனை டிரமாட்டிக் சொப்ரானோ என்கிறார்கள். அப்படியென்றால் உரக்கக் கத்துகிற பாடகிதானே?

ப: கத்தினால் ஒரு வாரம்கூடத் தொண்டை தாங்காது. சொப்ரானோ என்றால் பெண் குரல்களில் உச்சமானது; அதிலே கனமும் வலுவும் உள்ளதுதான் டிரமாட்டிக் சொப்ரானோ. ஓபரா என்பது பாட்டாகவே நடக்கும் நாடகம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் கிட்டத்தட்ட நூறு பேர் வாசிக்கும்போது, மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற அளவு) அருகில்தான் அதிகம். அதற்கு மேலே போகப் போகக் குறையும். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையாக ஒலிக்கும் குரல் தனியாகக் காதில் விழும். நில்சனுக்கு அந்தக் கூர்மை அபாரமாக அமைந்திருந்தது.

கே: எப்படி மேடைக்கு வந்தார்?

ப: 1918இல் தெற்கு ஸ்வீடனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் சங்கீதம் படித்தார். 1946இல் ஒரு பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போக, மூன்றே நாள் அவகாசத்தில் இசையமைப்பாளர் வெபரின் ஓபராவில் அகாதே என்ற வேடத்தில் பாடினார். அடுத்த வருஷம் வெர்டியின் ஓபராவில் லேடி மக்பெத் வேடம். அதற்குப் பிறகு ஏறுமுகம்தான்.

கே: ஒரே இரவில் மூன்று டெனர்களோடு (உச்சக் குரல் ஆண் பாடகர்கள்) பாடினாராமே?

ப: நிஜம்தான். 1959 டிசம்பர் 28, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா. அவர் அங்கே அறிமுகமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாக்னரின் 'டிரிஸ்டனும் இசொல்டேயும்' ஓபராவில் நாயகன் டிரிஸ்டனாகப் பாட வேண்டிய மூவருக்கும் உடல்நிலை சரியில்லை. ஆளுக்கு ஓர் அங்கம் என்று நிர்வாகி ரூடால்ஃப் பிங் சம்மதிக்க வைத்தார். மூன்று அங்கத்துக்கும் நாயகி இசொல்டே மட்டும் நில்சனேதான்!

கே: இவ்வளவு கனமான வேடங்கள் பாடியும் குரல் கெடவில்லையே, எப்படி?

ப: அவசரப்படாததுதான் முக்கியக் காரணம் என்பேன். இசொல்டேயைத் தொட்டபோது வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. வாக்னரோடு நிற்காமல் மொசார்ட்டின் டோன்னா அன்னாவையும் புச்சினியின் துராந்தோவையும் பாடினார். இசொல்டேயை மட்டும் 200 தடவைக்கு மேல் பாடிவிட்டு, 1984இல் ஓய்வு பெற்றார். இன்று இளம் பாடகிகளைச் சீக்கிரமே வாக்னரில் இறக்கிவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இசொல்டே பாட என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், வசதியான செருப்பு. மணிக்கணக்கில் நின்று பாடுகிறவருக்கு அதுவும் முக்கியம்தான்.

கே: முதலில் எதைக் கேட்கலாம்?

ப: 1966இல், வாக்னர் விழா நடக்கும் ஜெர்மன் ஊரான பைராய்த்தில், கார்ல் போம் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய 'டிரிஸ்டனும் இசொல்டேயும்'. மேடையிலேயே பதிவானது. கடைசிக் காட்சியைக் கவனியுங்கள்: தணிந்து ஆரம்பித்து, அலை அலையாக ஏறி, முடிவில் மேல் ஸ்தாயியில் ஒரு மெல்லிய சுரத்தில் வந்து நிற்க வேண்டும். சத்தத்துக்காக மட்டும் அவரைப் புகழ்கிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

கே: அவர் பேரில் பரிசு உண்டாமே?

ப: உண்டு, பத்து லட்சம் டாலர். 2005இல் அவர் மறைந்த பிறகு, 2009இல் முதல் பரிசு பிளாசிடோ டொமிங்கோவுக்குப் போனது. 2018இல் ஸ்வீடனின் இன்னொரு டிரமாட்டிக் சொப்ரானோ, நீனா ஸ்டெம்மே வாங்கினார். அவரையும் கேளுங்கள்.