மாரி முடிந்த கையோடு யாழ்ப்பாணத்து வீட்டையும் முற்றத்தையும் கோடைக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் விறாந்தை கொண்ட, பெற்றோரின் பழைய நாற்சார் வீட்டில் மீண்டும் குடியேறியிருக்கும் நீங்கள், பங்குனி வெயில் தொடங்கியதும் வீட்டிலும் முற்றத்துத் தோட்டத்திலும் எந்தெந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பங்குனி வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் முதற் பதில். நமது குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சித்திரையில் இடியோடு வந்துபோகும் சிறுமாரியைத் தவிர, புரட்டாதி வரை நம்பியிருக்கக்கூடிய மழை இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு நேர்மேலே வரும்போது மண்ணுக்குள் ஈரம் மிஞ்சியிருக்க வேண்டுமானால், அதைக் காக்கும் வேலைகளைத் தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்கி மாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் முற்றத்து மண்ணைக் கவனியுங்கள். மாரியில் சேறாகிறது என்பதற்காக முற்றம் முழுவதையும் கொங்கிறீற்றால் மூடிவிடுவது அண்மைக் காலத்தில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலெல்லாம் சூடேறிய கொங்கிறீற்று, இரவில் அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள விறாந்தைகளுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அடுத்த மாரியின் தண்ணீரும் நிலத்தில் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடிவிடுகிறது. நடைபாதைக்கு மட்டும் கல் பதித்து, மிகுதியை மணலாகவே விடுங்கள்.

மழைக்கு முளைத்த புல்லையும் நாயுருவியையும் மண் இளகியிருக்கும்போதே, விதை உதிர்வதற்கு முன், வேரோடு பிடுங்குவது எளிது. பிறகு பாத்திகளின் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் கொத்தி, மக்கிய ஆட்டெருவைக் கலந்து, அதன்மேல் சருகை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். காலையில் கூட்டி அள்ளிய சருகை வளவின் கோடியில் குவித்து எரிப்பது நம்மவர்களின் பழக்கம். வெயிலில் மண்ணைக் காக்க வேண்டிய போர்வையை நாமே புகையாக்குகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். வேலியிலிருந்து கழற்றிய பழைய கிடுகும் பனையோலையும்கூட இதற்கு உதவும். நமது தோட்டக்காரர் காலங்காலமாகப் பழைய ஓலையை மண்ணில் புதைத்துப் பசளையாக்கி வந்திருக்கிறார்கள். இப்படி மண்மேல் பரப்பும் போர்வை, அதாவது மூடாக்கு, மரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கறையான் ஏறும் என்பதால், ஒரு சாண் இடைவெளி விட்டே பரப்புங்கள்.

தென்னைக்குத் தேங்காயில் உரித்த பொச்சுமட்டையை விடச் சிறந்த மூடாக்கு இல்லை. அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கிடங்கு வெட்டி, மட்டைகளின் குழிந்த பக்கம் மேலே பார்க்குமாறு அடுக்கடுக்காக வைத்து, மேல் அடுக்கை மட்டும் கவிழ்த்து மண்ணால் மூடினால், ஊற்றும் தண்ணீரை மட்டை தன்னுள் வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாக விடும்.

மல்லிகையைத் தை மாதத்தில் கத்தரித்துவிட்டால், கோடையில் புதுத் துளிர்களில் பூ நிறைய வரும். பூத்து நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் கத்தியை வைக்க வேண்டாம். பிஞ்சு பிடிக்கும் வரை தண்ணீரையும் அளவாகவே விடுங்கள். முருங்கையில் மாரி முடியும் தறுவாயில் மயிர்க்கொட்டிப் புழு பெருகும். அவை பகலில் அடிமரத்தில், பட்டையின் நிறத்திலேயே, அப்பிக் கிடப்பதால் தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கிட்டப் போனால் அந்தப் பட்டை அசைவது தெரியும். மரத்தில் கை வைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தூரியச் சாடிகளை இப்போதே நிழலான விறாந்தைக்கோ நிழல்வலைக்கு அடியிலோ மாற்றிவிடலாம்.

வீட்டு வேலைகளில் கூரைதான் முதன்மையானது. வெயிலேறிய நேரத்தில் சீலிங் இல்லாத அறைக்குள் சென்று, கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஒளி ஊசிபோல இறங்கும் இடங்களில் எல்லாம் ஓடு உடைந்தோ நகர்ந்தோ இருக்கிறது. ஓட்டில் பிடித்த பாசி நன்றாகக் காய்ந்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும். ஆனால் சித்திரைச் சிறுமாரிக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் அடைத்த சருகையும் அப்போதே அள்ளிவிடலாம். வைகாசியில் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்குமாகையால், வீட்டின் பின்புறச் சாய்ப்பான பின்பத்தியின் தகரங்களின் ஆணிகளை இறுக்குவதை ஒத்திப்போட வேண்டாம். சுவர்களில் உவர் பூத்த இடங்களைச் சுரண்டி, ஈரம் முற்றாக வற்றிய பிறகே சுண்ணாம்போ பெயின்றோ பூசுங்கள். புதுவருடத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஈரச் சுவரில் பூசினால் ஆடிக்குள் உரிந்துவிடும். வளவில் கிடக்கும் சிரட்டை, உடைந்த சாடி, பழைய ரயர் ஆகியவற்றை அகற்றுங்கள். நீர் வற்றினாலும் டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

இனிக் கிணறு. நமது சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும், நம் குடாநாட்டு நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. மோட்டாரை ஒரே மூச்சில் நெடுநேரம் ஓடவிட்டால் கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். ஆகவே காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியில் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் பாத்திகளுக்கு ஊற்றுங்கள். குளிக்கும் தண்ணீரை வாய்க்கால் கட்டிக் கிணற்றடி வாழைக்கு விட்டால் அதற்குத் தனியாக இறைக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் தண்ணீர் சற்று உவர்த்தாலும் தென்னையும் மாதுளையும் தாங்கிக்கொள்ளும், அந்தூரியம் தாங்காது. சித்திரைச் சிறுமாரியில் பீலியால் வடியும் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, வலையால் இறுக மூடி வைத்திருந்தால், அதை அந்தச் சாடிகளுக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம்.