மஞ்சள் கோடுகள்

அன்புள்ள சார்,

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பள்ளியில் எப்போதும் நான்தான் முதலிடம். இங்கே முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படித்தேன், முக்கியமான வரிகளை மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு வைத்தேன். எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. விடுதியில் அறைத்தோழி இரவு இரண்டு மணிவரை விளக்கை அணைப்பதில்லை. எல்லோருக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. தெரியாமல் இங்கே வந்துவிட்டேனோ என்று இருக்கிறது. இங்கே நண்பர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

ம.

அன்புள்ள ம.,

விளக்கு விஷயத்தை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? எனக்கு எழுதியதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பீர்கள்.

நண்பர்கள் வருவார்கள். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். வெறும் அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பர் ஆவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நெருங்கிய நண்பர் ஆக 200 மணிக்கு மேல். வகுப்பு முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த மணிகள் எங்கிருந்து வரும்? மற்றவர்களின் கூட்டங்களைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். முதல் மாதத்துக் கூட்டங்கள் பெரும்பாலும் பயத்தில் சேர்ந்தவை.

'தெரியாமல் வந்துவிட்டேனோ' என்பதும் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நன்றாகச் சாதித்த பெண்களே தங்களைப் போலிகள் என்று நினைத்து உள்ளுக்குள் நடுங்குவதைப் பற்றி பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் அறைத்தோழிக்கும் அது இருக்கலாம். இரண்டு மணிவரை விளக்கு எரிவதற்கு வேறென்ன காரணம்?

என்னைக் கோபப்படுத்தியது அந்த மஞ்சள் கோடுதான். என் தங்கை மகனும் இதையே செய்கிறான். கோடு போடாத வரி எது என்று தேட வேண்டியிருக்கிறது, அவன் புத்தகத்தில். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி யாரையாவது திட்ட வேண்டும் என்றிருந்தேன், நீங்கள் அகப்பட்டீர்கள்.

நான்கு முறை படித்தீர்கள், சரி. ஒருமுறையாவது புத்தகத்தை மூடினீர்களா? ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது, மறுபடி எழுதியது, மறுபடியும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஜெயித்தது படித்துக்கொண்டே இருந்த குழுதான்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். படித்தவர்களுக்கு 40 ஆகிவிட்டது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று முன்கூட்டி அதிகம் நம்பியது அந்தப் படித்த குழு. 'எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதேதான். 2013இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோதும் கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில்தான் நின்றன.

பள்ளியில் இதே முறையில்தானே முதலிடம் வந்தேன் என்பீர்கள். வரவில்லை. பள்ளியில் தினமும் யாராவது உங்களை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு. நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் பயிற்சி நீங்கள் அறியாமலே நடந்தது, பெயர் மட்டும் ஹைலைட்டருக்குப் போனது. பல்கலைக்கழகத்தில் தேர்வுவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் வருடத்தில் கெட்டிக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. சுதந்திரம், கவனச் சிதறல், செல்போன் என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வகுப்புக்கு வந்ததும் பேசவே மாட்டார். அரைத் தாளை எடுக்கச் சொல்லி, போன வகுப்பில் நடந்ததை எழுதச் சொல்வார். நோட்டைத் திறக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் கழித்து, "எழுதினதை நீங்களே வெச்சுக்கோங்க" என்பார். மதிப்பெண் கிடையாது, வாங்கிப் பார்ப்பதும் கிடையாது. பாடம் நடத்தச் சோம்பல் என்று வகுப்பே அவரைக் கேலி செய்தது. அவர் நடத்திய வெப்ப இயக்கவியலை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்ற பாடங்களின் பெயர்கூட நினைவில் இல்லை.

அந்த அரைத் தாளை இனி உங்களுக்கு யாரும் தரப் போவதில்லை, நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு நடந்த அன்று மாலையே, பத்து நிமிடம். முதல் நாள் நான்கு வரிகூட வராது, அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள். கணக்குப் பாடமானால் விடையை மறைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து நீங்களே போடுங்கள். போட்டுவைத்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டும் வேலை வேண்டாம். அடுத்த தேர்வு முடிந்ததும் எழுதுங்கள், மதிப்பெண்ணையும் மறைக்காமல்.