காலண்டரில் போட்டால் கார்டு தானாக வரவேண்டும்: கேள்வி பதில்

கூகுள் காலண்டரை ட்ரெல்லோ, அசானா மாதிரியான புராஜெக்ட் மென்பொருட்களோடு இணைத்துத் தருவதுதான் என் அன்றாட வேலை. காலண்டரில் போடும் ஒவ்வொரு பதிவும் ஒரு ஈவென்ட், ட்ரெல்லோவில் ஒவ்வொரு வேலைக்கும் போடும் சீட்டு ஒரு கார்டு. அது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், தொழிலும் ஊரும் போதும்.

கல்யாண போட்டோ ஸ்டூடியோ, மதுரை: அக்கா, முகூர்த்தத் தேதி எல்லாம் கூகுள் காலண்டரில் போடுகிறோம். எடிட்டிங், ஆல்பம் வேலை ட்ரெல்லோவில் நடக்கிறது. ஒரே விவரத்தை இரண்டு இடத்திலும் அடிக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மென்பொருளைத் திறக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்தத் தகவலை எங்கே மாற்றுவீர்கள்? பெண் வீட்டார் போன் பண்ணித் தேதி மாறிவிட்டது என்றால், போனை எடுத்தவர் திறப்பது காலண்டரைத்தான். அப்படியானால் தேதி காலண்டருக்குச் சொந்தம். எடிட்டிங் முடிந்ததா, ஆல்பம் பிரிண்ட்டுக்குப் போனதா என்பதெல்லாம் ட்ரெல்லோவுக்குச் சொந்தம். ஒரு தகவலுக்கு ஒரே சொந்தக்காரர்தான் இருக்க வேண்டும். என்னிடம் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி இதை முடிவு செய்யாமல் விட்டதால் வருபவை.

அடுத்து, காலண்டரில் ‘ஷூட்டிங்’ என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்குங்கள். ஒரு ஆப்பில் நடந்ததைப் பார்த்து இன்னொன்றில் தானாக வேலை செய்யும் சேவைகள் ஜாப்பியர் (Zapier), மேக் (Make). அவற்றில் ஒன்றில் இந்தக் காலண்டரை மட்டும் இணையுங்கள். இல்லாவிட்டால் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் ஒரு கார்டு வந்து நிற்கும். கார்டின் டியூ டேட்டாக, அதாவது கெடு தேதியாக, கல்யாணத் தேதியை அப்படியே போட்டுவிடாதீர்கள். கல்யாணத்தன்று எடிட்டருக்கு வேலை இல்லை, அவருக்குக் கெடு ஆல்பம் கொடுக்கும் நாள்தான். மேக்கில் தேதிக் கட்டத்துக்குள்ளேயே ‘30 நாள் கூட்டு’ என்று ஃபார்முலா போட முடியும்.

அதே ஸ்டூடியோ: செய்து பார்த்தோம், வருகிறது. ஆனால் கல்யாணத் தேதியை மாற்றினால் கார்டில் மாறவில்லை. வேறொரு ட்ரிக்கரை (ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் நிகழ்வை) வைத்துப் பார்த்தால் இரண்டாவது கார்டு வந்துவிடுகிறது.

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘புது ஈவென்ட்’ என்ற ட்ரிக்கர் ஈவென்ட் பிறக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். அதை நீங்கள் நகர்த்தினால் அதற்குத் தெரியாது. ‘புதியது அல்லது மாற்றப்பட்டது’ என்ற ட்ரிக்கருக்கு நகர்த்தியது தெரியும். ஆனால் இந்த ஈவென்ட்டுக்கு ஏற்கெனவே எந்தக் கார்டு போட்டோம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் இன்னொன்று போட்டுவிடுகிறது.

இரண்டையும் கட்டி வைக்கும் கயிறு ஈவென்ட் ஐடி. ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் கூகுள் ஒரு நீளமான எழுத்துக் கோவையைக் கொடுக்கிறது. நீங்கள் தேதியை மாற்றினாலும், தலைப்பை மாற்றினாலும் அது மாறாது. கார்டை உருவாக்கும்போதே அதன் விவரக் குறிப்பின் கடைசி வரியில் அந்த ஐடியை எழுதச் சொல்லுங்கள். அதன்பின் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்: ஈவென்ட் மாறியது, ட்ரெல்லோவில் அந்த ஐடியைத் தேடு, கிடைத்தால் அந்தக் கார்டின் தேதியை மாற்று, கிடைக்காவிட்டால் மட்டும் புதுக் கார்டு போடு. தலைப்பை வைத்துத் தேடாதீர்கள். ‘கார்த்திக் வெட்ஸ் பிரியா’ ஒரே வைகாசியில் இரண்டு முறை வரும்.

ஐடி நிறுவனம், கோவை: எங்களுக்கு இரண்டு பக்கமும் சிங்க் வேண்டும். காலண்டரில் போட்டால் கார்டு, கார்டு போட்டால் ஈவென்ட். இரண்டு ஆட்டோமேஷனையும் ஆன் செய்ததும் கார்டாகக் கொட்டுகிறது சார்!

(அக்காதான், பரவாயில்லை.) முதலில் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஈவென்ட் கார்டை உருவாக்குகிறது, அந்தக் கார்டு புது ஈவென்ட்டை உருவாக்குகிறது, அந்த ஈவென்ட் மறுபடி கார்டை. தடுக்க வேண்டுமானால், ஆட்டோமேஷன் உருவாக்கும் எல்லாவற்றிலும் ஒரு அடையாளம் வைக்க வேண்டும். கார்டுக்கு ‘காலண்டரிலிருந்து’ என்ற லேபிளும், ஈவென்ட் விவரத்தில் ‘ட்ரெல்லோவிலிருந்து’ என்ற வரியும் போதும். பிறகு இரு பக்கமும் ஃபில்டர் வைத்து, அடையாளம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆனாலும் உங்களைக் கேட்கிறேன், இருவழி உண்மையிலேயே வேண்டுமா? டெவலப்பர்களுக்குக் கெடு தேதிகள் காலண்டரில் தெரிந்தால் போதும் என்றால் ஒருவழியே போதும், பராமரிப்பு வேலையும் பாதியாகக் குறையும்.

பள்ளி ஆசிரியை, திருச்சி: ஒருவழிக்கு ஜாப்பியர்கூட வேண்டாம், ஐசிஎஸ் லிங்க் (ஒரு காலண்டரை இன்னொன்றில் காட்டும் இணைய முகவரி) போதும் என்கிறார்களே?

சரிதான். ட்ரெல்லோவின் காலண்டர் பவர்-அப் (கூடுதலாகச் சேர்க்கும் வசதி), அசானா இரண்டுமே அப்படி ஒரு லிங்க் தரும். அதைக் கூகுள் காலண்டரில் ‘யூஆர்எல் மூலம் சேர்’ என்ற இடத்தில் ஒட்டினால் முடிந்தது. பின்னால் இருப்பது 1998-லேயே தரப்படுத்தப்பட்ட ஐகேலண்டர் வடிவம், அதனால் ஏறக்குறைய எல்லா காலண்டரும் படிக்கும். இரண்டு குறைகள்: டியூ டேட் இல்லாத கார்டு அதில் வராது. அப்புறம், கூகுள் அந்த லிங்க்கைத் தன் வசதிப்படிதான் புதுப்பிக்கும், சில சமயம் பல மணி நேரம் ஆகும். தேர்வு அட்டவணைக்குப் பரவாயில்லை. இன்று மதியக் கூட்டத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

ஃப்ரீலான்சர், சேலம்: மேக்கின் இலவசக் கணக்கில் மாதம் 1,000 கிரெடிட் இருக்கிறது, அது செய்யும் ஒவ்வொரு படிக்கும் ஒன்று கழிகிறது. நான் மாதம் இருபது ஈவென்ட்தான் போடுகிறேன். எப்படித் தீர்ந்துபோகிறது?

புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும், ‘ஏதாவது வந்ததா’ என்று மேக் எட்டிப் பார்ப்பதே கணக்கில் ஒன்று. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் நாளுக்கு 96, முப்பது நாளுக்கு 2,880. பத்து பதினோரு நாளில் 1,000 காலி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் 720-தான். ஜாப்பியரில் இப்படிப் பார்ப்பதற்குக் கணக்கில்லை, செய்து முடித்த வேலைக்குத்தான் கணக்கு. ஆனால் அங்கே இலவசத்தில் மாதம் 100-தான், இரண்டு படிக்கு மேல் சேர்க்கவும் விடாது.

அச்சகம், சிவகாசி: காலண்டரில் 14-ஆம் தேதி முழுநாள் ஈவென்ட் போட்டால் கார்டில் சில சமயம் 13, சில சமயம் 15 என்று வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

இரண்டும் வேறு வேறு காரணங்கள். முழுநாள் ஈவென்ட்டின் ‘முடிவுத் தேதி’யைக் கூகுள் அடுத்த நாளாகத்தான் எழுதி வைக்கிறது. 14-ஆம் தேதி ஈவென்ட்டின் உள்ளே தொடக்கம் 14, முடிவு 15 என்றிருக்கும். நீங்கள் முடிவுத் தேதியைக் கார்டோடு இணைத்திருப்பீர்கள், தொடக்கத்துக்கு மாற்றுங்கள்.

13 வருவது நேர மண்டலத்தால். 14-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்பது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 13-ஆம் தேதி மாலை 6:30. நடுவில் ஏதோ ஒரு படி நேரத்தை வெட்டிவிட்டு தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் காணாமல் போகும். கணக்கின் நேர மண்டலம் கொல்கத்தா (இந்திய நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கும்) என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே, டியூ டேட்டுக்குக் காலை 10 மணி என்று ஒரு நேரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். நள்ளிரவுக்குப் பக்கத்தில் போகாதவரை இந்தச் சிக்கல் வராது.

பிபிஓ, சென்னை: அமெரிக்க கிளையன்ட் கால் நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஆட்டோமேஷன் தப்பா?

இல்லை. நியூயார்க்கில் காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. அவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. ஈவென்ட்டை நியூயார்க் நேர மண்டலத்திலேயே உருவாக்குங்கள். நினைவூட்டலை ‘தினமும் 7 மணிக்கு’ என்று வைக்காமல் ‘ஈவென்ட் தொடங்க 30 நிமிடம் முன்’ என்ற ட்ரிக்கரில் வையுங்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: அக்கா, காசு இல்லாமல், கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் எழுதும் வசதியில் நானே எழுதுகிறேன். காலண்டர் மாறினால் ட்ரிக்கர் வருகிறது, எந்த ஈவென்ட் என்று சொல்ல மாட்டேன் என்கிறதே, மண்டை காய்கிறது.

அது சொல்லாதுப்பா, காலண்டர் மாறியது என்று மட்டும்தான் சொல்லும். எது மாறியது என்று நீ காலண்டர் ஏபிஐயிடம் (நிரல்கள் காலண்டரோடு பேசும் வழி) கேட்க வேண்டும். முதல்முறை முழுப் பட்டியலையும் வாங்கும்போது கடைசியில் ஒரு சிங்க் டோக்கன் (எதுவரை வாங்கினாய் என்பதற்கான அடையாளச் சீட்டு) கொடுக்கும். அதைச் சேமித்து வை. அடுத்த முறை அதைக் காட்டினால் இடையில் மாறியவை மட்டும் வரும். சில சமயம் 410 என்று பிழை வரும். டோக்கன் காலாவதி என்று அர்த்தம், முழுப் பட்டியலை மறுபடி வாங்கிக்கொள். இன்னொன்று: ஸ்கிரிப்டில் ஈவென்ட் ஐடியை எடுக்கும் கட்டளையான கெட்-ஐடி, வாராந்தரத் தொடர் ஈவென்ட்டின் எல்லா வாரத்துக்கும் ஒரே ஐடியைத்தான் தரும். அதனால் ஐடியோடு தொடக்கத் தேதியையும் ஒட்டிச் சாவியாக்கு. இல்லாவிட்டால் எல்லாத் திங்கட்கிழமையும் ஒரே கார்டில் போய் விழும்.

தொண்டு நிறுவனம், நாகப்பட்டினம்: எல்லாம் அமைத்துக் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது.

அவர் கணக்கில் இணைத்திருப்பார். அதை மூடியதும் அனுமதியும் போயிருக்கும். அலுவலகத்துக்கென்று ஒரு பொதுக் கூகுள் கணக்கு வைத்து, காலண்டரை அதோடு பகிர்ந்து, அந்தக் கணக்கிலிருந்தே மறுபடி இணையுங்கள். போனவரிடம் இன்னும் இருக்கக்கூடிய இன்னொன்றையும் கவனியுங்கள்: காலண்டர் அமைப்பில் ‘ரகசிய முகவரி’ என்று ஒரு ஐசிஎஸ் லிங்க் இருக்கும். அது யார் கையில் இருந்தாலும் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் ஈவென்ட் எல்லாம் படிக்கலாம். பயனாளிகளின் பெயரும் வீட்டு முகவரியும் அதில் இருந்தால் இன்றைக்கே ரீசெட் செய்துவிடுங்கள். பழைய லிங்க் செல்லாமல் போகும், அதைப் பயன்படுத்தும் இடங்களில் புதியதை ஒட்ட வேண்டியிருக்கும்.