ஜன்னலுக்கு எடுத்தீர்கள், அத்தைக்கு?

கேள்வி: தீபாவளிக்குக் கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் துணி எடுத்தோம். 20,000 ரூபாய்க்கு எடுத்தால் 4,000 ரூபாய்க்குக் கிஃப்ட் கார்டு இலவசம் என்றார்கள். எங்கள் பில் 17,000தான் வந்தது. மகளுக்கு இன்னொரு சுடிதாரும் ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணியும் சேர்த்து 20,000 ஆக்கினோம். மாமியாருக்கு மட்டும் கார்டு வந்ததும் அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். 500 ரூபாய் கார்டாக எட்டு கொடுத்தார்கள், டிசம்பர் 1க்கு மேல்தான் செல்லுமாம். போன வாரம் போய் அத்தைக்கு 1,100 ரூபாயில் ஒரு சேலை எடுத்தேன். 2,500 ரூபாய்க்கு வாங்கினால்தான் ஒரு கார்டு கழிப்போம், அதுவும் ஒரு பில்லுக்கு ஒன்றுதான் என்றார்கள். கோபத்தில் சேலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அத்தை நல்ல மாதிரி, ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளியன்று அவர்தான் எல்லோர் துணிக்கும் மஞ்சள் வைத்துக் கொடுத்தார். ஜனவரி 31க்குள் கார்டு முடிந்துவிடும். 4,000 ரூபாய் வீணாகாமல் பொங்கலுக்கு எடுத்துவிடலாமா? இந்தச் சலுகைகள் உண்மையில் லாபம்தானா?
– ஒரு வாசகி, கிணத்துக்கடவு

பதில்: அம்மணி, கார்டுக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மஞ்சளைப் பற்றிப் பேச வேண்டும்.

தீபாவளி முடிந்தாலே இந்தக் கேள்வி எனக்குக் கட்டுக் கட்டாக வரும். ஊரும் கடையும் தொகையும்தான் மாறும். உங்கள் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரிசையாக நிற்கிறீர்கள். உங்கள் அத்தை மஞ்சளைக் குழைத்து, மகன் சட்டையின் ஓரத்தில் தொட்டு வைக்கிறார், பேத்தியின் சுடிதாரில் வைக்கிறார், உங்கள் சேலைத் தலைப்பில் வைக்கிறார். மகளுக்கு ஒன்றுக்கு இரண்டு சுடிதார், ஆக இரண்டு முறை வைத்திருப்பார். எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து முடித்த பிறகு அந்தத் தாம்பாளத்தில் அவருக்கென்று ஒரு துணி இல்லை. கையில் மஞ்சள் மட்டும் மிச்சம். அவர் போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து பலகாரம் எடுத்து வைத்திருப்பார். இதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த வரியில் 4,000 ரூபாய் வீணாகிறதே என்று வருத்தப்படுகிறீர்கள்.

ஒன்றும் கேட்கவில்லை என்கிறீர்கள். அந்த வயதில் எந்தத் தாய் வாய்விட்டு எனக்கொரு சேலை என்று கேட்பார்? கேட்காததால்தான் நாம் பார்த்துச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில்தானே இருந்தார்? பெற்ற தாய்க்கு நோம்பித் துணி இல்லை என்பது அவர் கண்ணுக்கும் படவில்லையா? இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். பழி உங்கள் மேல் மட்டும் இல்லை.

இதில் என்னால் தாங்க முடியாதது இதுதான். 20,000 ஆவதற்கு 3,000 ரூபாய் குறைந்தது. அந்த இடத்தில் அத்தை சேலையை வைத்திருந்தால் கார்டும் வந்திருக்கும், அவருக்கு நல்ல சேலையும் வந்திருக்கும். நீங்கள் ஜன்னலுக்குத் துணி எடுத்தீர்கள். ஏன் தெரியுமா? இலவசமாக ஒன்று வரப்போகிறது என்றதும் மனது தானாக ஒரு பட்டியல் போடும். யாருக்குக் காசு கொடுத்து எடுப்பது, யாருக்கு ஓசியில் எடுப்பது என்று. உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இதைக் கடைக்காரர் செய்யச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு முதலில் எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு எடுக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். கையில் இருப்பது ஆயிரம் ரூபாயே ஆனாலும் அந்த வரிசை மாறக் கூடாது.

சரி, கேட்ட கணக்குக்கு வருகிறேன். 20,000க்கு 4,000 என்றால் 20 சதவீதத் தள்ளுபடி மாதிரி தெரியும். ஆனால் ஒரு கார்டுக்கு 2,500 ரூபாய் பில் என்றால், எட்டையும் செலவழிக்க இன்னும் 20,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். அதில் 4,000 கழித்து 16,000 கட்டுவீர்கள். ஆக 40,000 ரூபாய்ச் சரக்குக்கு உங்கள் கையிலிருந்து போவது 36,000. பத்து சதவீதம்தான். அதற்காக நீங்கள் நினைத்தே பார்க்காத 20,000 ரூபாய்த் துணி வீட்டுக்குள் வரும். போய்வர பெட்ரோல், பிள்ளைகளோடு மதியச் சாப்பாடு எல்லாம் தனி. ஒரே ஒரு கார்டை மட்டும் பயன்படுத்தலாம் என்றாலும் பாருங்கள்: 1,100 ரூபாய்ச் சேலைக்குப் பதில் 2,500 ரூபாய்ச் சேலை எடுத்து 2,000 கட்ட வேண்டும். 500 ரூபாயைக் காப்பாற்ற 900 ரூபாய் கூடுதல் செலவு.

இதே தள்ளுபடியைப் பில்லிலேயே கழித்துக் கொடுத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் கழிக்கிறார்களே, அந்த மாதிரி. கார்டாகக் கொடுத்தால் நீங்கள் மறுபடி வர வேண்டும், அதுவும் பண்டிகை முடிந்து கூட்டம் குறைந்த பிறகு. மறந்துவிட்டால் கடைக்கு ஒரு பைசா செலவில்லை. வந்தாலோ கார்டை விடப் பெரிய பில் போட்டாக வேண்டும். தேதியும் குறைந்தபட்சத் தொகையும் அதற்காகவே வைப்பது.

காசு கொடுத்து வாங்கும் கிஃப்ட் கார்டையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். வங்கிகள் விற்கும் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஒரு கார்டு 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, குறைந்தது ஒரு வருடம் செல்ல வேண்டும். கடை தன் துணிக்கென்று இலவசமாக நீட்டும் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் அதற்குச் சட்டம். அங்கே அச்சிடாத நிபந்தனையை வாயால் சொல்லிக் கார்டை மறுத்தார்கள் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அச்சிட்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் படித்திருக்க வேண்டும்.

எப்போது லாபம் என்றால், எப்படியும் எடுக்கப்போகிற சாமானுக்கு, ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் கார்டு கிடைத்து, அதை எந்தப் பில்லிலும் கழிக்க முடிந்தால் லாபம். மளிகைக் கடையில் சில நேரம் அப்படி அமையும். ஜவுளியில் அமைவது கஷ்டம்.

ஆகவே பொங்கலுக்கு அந்தக் கடைக்குப் போக வேண்டாம். கார்டுகள் 31ஆம் தேதி தாண்டிச் செத்தால் சாகட்டும். அந்த 4,000 ரூபாய் உங்கள் பையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே நெகமம் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய காட்டன் சேலை, தறிக்காரர் வீட்டிலேயே எடுக்கலாம். வெயிலுக்கும் காட்டு வேலைக்கும் வயதான உடம்புக்கு அதைப் போல் சுகமான துணி கிடையாது. வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்காரர் வண்டி ஓட்டட்டும், காசும் அவரே கொடுக்கட்டும். நிறத்தையும் கரையையும் அத்தை தேர்ந்தெடுக்கட்டும், விலையை அவர் காதில் போடாதீர்கள். பொங்கலன்று காலையில் மஞ்சளை நீங்கள் குழையுங்கள். முதல் துணியாக அந்தச் சேலையை எடுத்து, ஓரத்தில் மஞ்சள் வைத்து, உங்கள் கையால் அவர் கையில் கொடுங்கள்.